யோசனைக்காரி

வடமலைச்சேரி அரண்மனை வாசலில் வேனை விட்டு இறங்கியதும் எல்லாரும் மங்கைக்கு வலது பக்கம் வந்துவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ஆவுடையம்மாள் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்தாள். தம்பி குற்றாலம் வேன் கதவை அடைத்துவிட்டுப் பின்பக்கமாக வந்தான். அவன் பெண்டாட்டி சைலஜா, கல்யாணமாகி வந்த ஒரே வாரத்தில் இந்த வித்தையைப் படித்துக்கொண்டவள், கைப்பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றாள். ஒரு குடும்பம் எங்கே போனாலும் ஒருத்தியை மட்டும் இடது ஓரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஒரே பக்கமாக ஒதுங்கி நடப்பது இத்தனை வருஷத்தில் யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஜனங்கள் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள், அது ஒரு வசதி. வேனிலும் மங்கைக்கு இடது ஜன்னலோர இருக்கைதான், கேளாத காது கண்ணாடிப் பக்கம், கேட்கிற காது மனிதர்கள் பக்கம். அந்தக் கேட்கிற காதில் அம்மா வழி நெடுக ஓதிக்கொண்டே வந்தாள். "ஏட்டி, அவிய இடப்பக்கம் வந்து நின்னா நீ பூவைப் பாக்க மாதிரி மெதுவாச் சுத்தி வந்துரு. கேக்கலன்னா சிரிச்சிரு. எதையும் இப்பச் சொல்ல வேண்டாம். கல்யாணம் முடிஞ்சு மெதுவாச் சொல்லிக்கிடலாம். ஒரு பிள்ளையப் பெத்துட்டா யாரு காதைப் பாக்கப் போறா?" இதெல்லாம் சொல்லிவிட்டு, வேன் நின்றதும், டிரைவருக்குக் கேட்கிற மாதிரி, "அரண்மனைத் தோட்டம் பாக்கணும்னு எம்புட்டு நாளா ஆசை" என்றாள். தோட்டம் பார்க்க யாராவது பிச்சிப்பூவை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்களா? தோட்டம் பார்க்கக் குற்றாலம் கல்யாணச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவானா? ஆனாலும் எல்லாரும் அந்தப் பொய்யை முகம் மாறாமல் நடித்தார்கள், மங்கையும் நடித்தாள், ஏனென்றால் இது அவளுக்கு மட்டும் உள்ள பொய் இல்லை, ஊருக்கே உள்ள பொய். பெண் பார்க்க வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. வெளியிடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி பார்த்துக்கொண்டால், சரிவராவிட்டாலும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முன்னெல்லாம் கோயிலில் நடந்தது. இப்போது கோயிலில் தெரிந்த முகம் ஜாஸ்தி. அதனால் தரகர் வேலாயுதம் அண்ணாச்சி இந்த அரண்மனையைக் கண்டுபிடித்திருந்தார். குளத்து மண்டபத்தில் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் மட்டும் இருப்பார்கள், மாப்பிள்ளை ஊதாச் சட்டை போட்டிருப்பான், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேலை, ஊர், பேர் எதையும் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் அவர்கள் சங்கடப்படுவார்கள், சும்மா மழை வெயில் என்று பேசுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

முதலில் தர்பார் மண்டபம். அதைப் பார்க்காமல் நேரே குளத்துக்குப் போனால் நன்றாக இருக்காது என்று அம்மா அபிப்பிராயப்பட்டாள். சுவரில் காட்டெருமைத் தலைகள், ஜமீன்தார்கள், மறுபடி காட்டெருமைத் தலைகள். எல்லாருக்கும் ஒரே கண்ணாடிக் கண். ஈரச் சுண்ணாம்பு வாசனை, வௌவால் வாசனை, அதற்கடியில் எங்கேயோ பழைய சாம்பிராணி. தண்ணீர் இருக்கிறது, குழாய் கசிகிறது என்று அவள் மூக்கு சொன்னது. மங்கைக்குக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஊர் ஊராகப் பாட்டிலில் வருகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தண்ணீர் பேசாது, திரும்பத் திரும்பக் கூப்பிடாது, கூப்பிட்டும் திரும்பவில்லையே என்று கோபித்துக்கொள்ளாது. அதனாலேயே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, பொன்னைக் கண்டால் வீக்கம் வடிந்துவிடும் என்று வாசலில் வெயிலுக்கு உட்காரவைத்தாள். வீக்கம் வடிந்தது. அந்தச் சங்கிலி ரொம்பக் கனமாக, ரொம்ப அழகாக இருந்தது, பள்ளிக்கூடம் போக வேண்டாம், அது ஒரு ராணி மாதிரியான வாரம். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ரேடியோவில் ஒரு காதை வைத்தால் பாட்டு வருகிறது, மறு காதை வைத்தால் வரவில்லை. ரேடியோதான் ஏதோ ஆகிவிட்டது என்று அவள் அதைத் தட்டினாள். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, ரேடியோவைத் தட்டியது. டாக்டர் பார்த்துவிட்டு, உள் நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை, ஒரு காது இருக்கிறதே, சமாளித்துக்கொள்ளலாம் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "வெளிய மூச்சு விடப்படாது." அப்போதிலிருந்து அந்த வீட்டில் காது என்கிற வார்த்தையே கிடையாது. பின்னால் நின்று கூப்பிட்டு அவள் திரும்பாதபோதெல்லாம் அம்மா முந்திக்கொண்டு, "அவ ஒரு யோசனைக்காரில்லா, எந்நேரமும் எதையாவது யோசிச்சுக்கிட்டே நிப்பா" என்பாள். யோசனைக்காரி. அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்குப் போய், காலேஜுக்குப் போய், ஆபீசுக்கும் வந்துவிட்டது. புதிதாக வந்த இளநிலைப் பொறியாளர் கூட, "மேடம் திங்கர்னு சொன்னாங்க" என்கிறார். ஒன்றும் யோசிக்காமல் சும்மா நின்ற நேரத்துக்கெல்லாம் அவளுக்கு யோசனைக்காரி என்று பேர். கடைசியில் அவள் பேருக்குத் தக்கபடி நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். கேட்காத இடத்தை எதையாவது போட்டு நிரப்பத்தானே வேண்டும்?

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள், ஒரு வாக்கியத்தைத் தவிர. ஜமீன்தாரின் பல்லக்குக்கு முன்னால் நின்றபோது அது மறுபடி வந்தது, அது வருவதற்கு இடம் பொருள் கிடையாது, பல் துலக்கும்போதும் வரும். முன்பு ஒரு தடவை அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பிச்சிப்பூ மணம், நாதஸ்வரக்காரர் உச்சத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பக்கம். அந்தப் பக்கம் காவலுக்கு இருந்த சித்தி பந்தி பார்க்கப் போயிருந்தாள். அக்கா அவள் தோளைத் தொட்டு, குனிந்து, காதோரம் ஏதோ சொன்னாள். வாயின் சூடு தெரிந்தது, ஏலக்காய் வாசனை தெரிந்தது, சொன்னது தெரியவில்லை. மங்கை சிரித்தாள். கேக்கலன்னா சிரிச்சிரு. அக்கா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள், அப்புறம் எழுந்து போய்விட்டாள். கல்யாணம் நின்றுபோனது. பொண்ணுக்குத் திமிர் ஜாஸ்தி, கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கா, சிரிச்சு மழுப்புதா என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அன்றைக்கு அழவில்லை. "திமிருன்னு சொல்லிட்டுப் போட்டும். அது ஒரு நோவு இல்லலா" என்றாள். அதில் ஒரு திருப்திகூட இருந்தது. ஆனால் மங்கைக்கு அந்த வாக்கியம் வேண்டியிருந்தது. அவள் என்னதான் சொன்னாள்? 'எங்கம்மா கொஞ்சம் முன்கோபக்காரி, பொறுத்துப் போ' என்றாளா? 'உனக்கு இதில் சம்மதம்தானா, உண்மையைச் சொல்லு' என்றாளா? 'என் தம்பிக்கு வேறொருத்தி மேல் பிரியம், நீ தப்பித்துக்கொள்' என்றாளா? அதற்கா சிரித்தேன்? 'எனக்குக் குழந்தை இல்லை, உன் கல்யாணத்தோடாவது என்னைப் பேசுவதை நிறுத்துவார்கள்' என்று சொல்லியிருந்தால்? அதற்கும் சிரித்தேனா? ராத்திரியெல்லாம் புரட்டிப் புரட்டி ஒரு வாக்கியத்தை நூறு வாக்கியமாக ஆக்கியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தன் சிரிப்பை வைத்துப் பார்ப்பாள், ஒன்றுக்கும் பொருந்தாது. எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் அப்போது கேட்கவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் கிடையாது. "எக்கா!" என்று எங்கிருந்தோ சத்தம். எங்கிருந்து? ஒரு காதுக்காரிக்குச் சத்தம் கேட்கும், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. அவள் ஜமீன்தாரைப் பார்த்தாள், எருமையைப் பார்த்தாள், அப்புறம்தான் வாசலில் கையாட்டுகிற குற்றாலம் கண்ணில் பட்டான். "எக்கா, குளத்துக்குப் போவோம், வா" என்றான். முகத்தை மட்டும் தோட்டம் பார்க்க வந்தவன் மாதிரி வைத்திருந்தான்.

குளத்து மண்டபத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு வயதான அம்மா காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆளுடைய சட்டையைப் பார்த்ததும் அம்மா மங்கையின் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். மங்கை பார்த்தாள், பார்க்காத மாதிரி தண்ணீரைப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர். பாசியின் அடியில் இரும்பு இருக்கிறது, படிக்கல்லில் காவிக் கறை. நாற்பது இருக்கும் அந்த ஆளுக்கு. முன் தலையில் கொஞ்சம் முடி போயிருந்தது, முகம் நல்ல முகம், அவசரமில்லாத முகம். சரி. போட்டோவில் வேறு மாதிரி இருந்ததே? போட்டோவில் எல்லாரும் வேறு மாதிரிதான் இருக்கிறார்கள். அவளுடைய போட்டோவையும் ஸ்டூடியோக்காரர் கழுவி வெளுத்துத்தான் கொடுத்திருந்தார். அம்மா போய் அந்த முட்டிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன வெயிலு, யப்பா" என்று ஆரம்பித்தாள். "மழை பெஞ்சாத்தான் இந்தக் குளம் நெறையும்" என்றாள் அந்தம்மா. "முட்டு வலியா? எத்தன நாளா இருக்கு?" "அது ஆச்சு, மருமக வந்த நாள்லேருந்து" என்று அந்தம்மா சொல்லிச் சிரிக்க, ஓ, மூத்த மருமகளைச் சொல்கிறாள் என்று அம்மா தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு அதைவிடப் பெரிதாகச் சிரித்தாள். இரண்டு பேரும் நொச்சி இலையைப் பற்றியும் நல்லெண்ணெயைப் பற்றியும் அவ்வளவு ஒற்றுமையாகப் பேசினார்கள். யாரும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, எல்லாம் அண்ணாச்சி சொன்னபடியே நடந்தது. அந்த ஆள் மங்கையைப் பார்த்து, பெரியவர்கள் பேசும்போது சும்மா இருக்க நேர்ந்த இரண்டு பேர் சிரித்துக்கொள்வது போலச் சிரித்தார். பல் வரிசை சுமார். அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. இவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்? அது ஒரு பெரிய விஷயம், அம்மாவுக்கு இதெல்லாம் தோன்றவே தோன்றாது. அவள் வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் உலகம் நின்றுவிடும், இடி விழுந்தாலும் தெரியாது. அந்த அமைதி அவளுடைய சொத்து. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள், இருட்டில், ஏதாவது சொன்னால்? இருட்டில் சொல்வதுதானே முக்கியமான பேச்சு. இருட்டில் வாயைப் பார்க்க முடியாது, சிரித்தாலும் தெரியாது. ஆயுள் முழுக்க அவர் பேசிக்கொண்டே இருப்பார், அவள் தூங்கிக்கொண்டே இருப்பாள், ஒரு நாள் அவரும் திமிர் என்று சொல்லிவிடுவார். அம்மாவின் குரல் இனித்து வந்தது. "தம்பி, இங்க அடிக்கடி வருவேன்னு சொன்னீகளே. இவளுக்கு மரஞ்செடின்னா உசுரு. அந்த நாகலிங்க மரத்தைக் கொஞ்சம் காட்டிருங்களேன். குற்றாலம், நீயும் கூடப் போ." குற்றாலம் கூட வந்தான், இருபதடி வந்தான், அப்புறம் ஒரு பீரங்கியைக் கண்டு அதில் மூழ்கிப்போனான். ஒரு பீரங்கியை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாகலிங்க மரத்துக்குப் போகிற பாதை இரண்டு பேர் நடக்கிற அகலம்தான். அந்த ஆள் அவளுக்கு இடது பக்கம் நடந்தார். சுற்றி வந்துவிடலாம் என்று பார்த்தால் வலது பக்கம் முள்வேலி. பூவைப் பார்க்கிற மாதிரி நின்று பின்தங்கலாம் என்றால் பூ இல்லை, வெறும் குரோட்டன்ஸ். எங்கேயோ குயில் கூவியது. மற்றவர்களுக்குக் குயில் ஒரு மரத்தில் இருக்கும், மங்கைக்கு அது எல்லா மரத்திலும் இருந்தது, மரமில்லாத இடத்திலும் இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு காதுக்கு உள்ள நல்லது இது ஒன்று. இவரிடம் சொல்லலாமா? முதலில் காதைச் சொல்லாமல் குயிலை எப்படிச் சொல்வது? அம்மா சொல்லக் கூடாது என்றாள். அம்மாவுக்கு வயதாகிறது. அப்பா செத்ததிலிருந்து அம்மாவுக்கு இது ஒன்றுதான் கவலை, தான் கண் மூடிவிட்டால் இவளுக்கு வலது பக்கம் நடக்க யார் இருக்கிறார்கள் என்பது. குற்றாலத்துக்குக் குடும்பம் இருக்கிறது, சைலஜா நல்லவள்தான், ஆனால் எத்தனை நாளைக்குப் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டே இருப்பாள்? அம்மாவுக்காகச் சிரித்துவிட்டுப் போகலாம். இத்தனை வருஷம் சிரித்தாயிற்று, இன்னும் ஒரு முப்பது வருஷம் சிரித்தால் முடிந்துவிடும். முப்பது வருஷமா? முப்பத்து நாலு வயது ஆகிறது, இன்னும் முப்பது வருஷமா? மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். தண்டிலேயே பூ, சிவப்பும் மஞ்சளும், கீழே உதிர்ந்து மிதிபட்டு ஒரு கிறக்கமான மணம். அவள் அண்ணாந்து பார்த்தாள். அப்போது பக்கத்தில் மூச்சு அசைவது தெரிந்தது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கையைக்கூட ஆட்டினார். சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மங்கை சிரித்தாள். சிரித்த உடனேயே தெரிந்துவிட்டது, அதே சிரிப்பு, அதே இடம், இதோ இன்னொரு வாக்கியம். இனி இதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், இதையும் நூறாக்கிப் புரட்ட வேண்டும். என்ன சொன்னாரோ? 'எனக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை, அம்மாவுக்காக வந்தேன்' என்று சொல்லியிருந்தால்? அவர் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி ஏதோ சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது, கோபமாக வந்தது. "எனக்கு இந்தக் காது கேக்காது" என்று சொல்லிவிட்டாள். சொன்னது தன் குரல்தானா என்றுகூடச் சந்தேகம். "சின்ன வயசுலேருந்தே கேக்காது. நீங்க சொன்னது ஒண்ணுமே எனக்கு விளங்கல. சும்மா சிரிச்சேன்."

அவர், "அப்படியா?" என்றார். வாயசைவில் படித்தாள். அப்புறம், பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிற ஆளைப் போல, அவளைச் சுற்றி வலது பக்கம் வந்து நின்றார். "ஒண்ணும் பெருசாச் சொல்லல. மேல பாருங்க, கடந்தைக் கூடு இருக்கு. கீழ நிக்காதீங்க, கொட்டிப்புடும்னு, அது கலையாம இருக்க மெதுவாச் சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே நின்னீங்களா, நான் பயந்துட்டேன்." மங்கை அண்ணாந்து பார்த்தாள். கிளை இடுக்கில் பனங்காய்ப் பருமனில் ஒரு கூடு, குளவிகள் வந்தும் போயும் இருந்தன. இரண்டு பேரும் நகர்ந்து வெயிலுக்கு வந்தார்கள். கடந்தைக் கூடு! அவ்வளவுதானா? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இது வேறு சிரிப்பு, இவ்வளவு சத்தமாக அவள் வெளியிடத்தில் சிரித்ததில்லை. அப்படியானால் அன்றைக்கு அந்த அக்கா சொன்னதும் இப்படி ஏதாவதாக இருக்கலாமே? 'உன் கொண்டையில் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது' என்றிருக்கலாம். 'எனக்குப் பசிக்கிறது' என்றிருக்கலாம். அதை வைத்துக்கொண்டா இத்தனை ராத்திரி! சிரித்து ஓய்ந்ததும் ஒரு பலம் வந்தது, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற பலம். "அம்மா இதச் சொல்லப்படாதுன்னாவ. நான் சொல்லிட்டேன். நீங்க உங்கம்மாகிட்டயும் சொல்லிருங்க. பொறவு தெரிஞ்சு வருத்தப்பட வேண்டாம். வேண்டாம்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." அவர் முழித்தார். "எங்கம்மாகிட்ட எதுக்கு?" என்றார். "எது வேண்டாம்னா?" அப்புறம் அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார், தலையில் இருந்த பூவைப் பார்த்தார், தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பீரங்கியில் லயித்திருந்த குற்றாலத்தைப் பார்த்தார். முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கியது. "ஐயையோ, தங்கச்சி" என்றார். தங்கச்சி என்றதும் அவளுக்கும் விளங்கிவிட்டது, அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். "தங்கச்சி, நீங்க வேற யாரையோ நெனைச்சு... என் வீட்டுக்காரி அந்தா, பாத்திர அறையில நிக்கா. ரெண்டாந் தடவை பாக்கப் போயிருக்கா. அவளுக்குப் பித்தளைன்னா பைத்தியம்." மங்கைக்குக் காது மடல் சுட்டது, இரண்டும்தான். ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு இதம் இருந்தது. அது என்ன என்று குளத்துக்குத் திரும்பி நடக்கும்போதுதான் பிடிபட்டது. வீட்டுக்கு வெளியே ஒரு மனுஷனுக்கு இது தெரிந்துவிட்டது. தெரிந்தும் வானம் இடியவில்லை. அவர் இப்போதும் வலது பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார், நொச்சி இலையில் ஒன்றும் கேட்காது, அம்மாவுக்கு ஊசிதான் போட வேண்டும் என்று பேசிக்கொண்டே.

மண்டபத்தில் அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலாயுதம் அண்ணாச்சி போட்ட சத்தம் போனை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. "ஊதாச் சட்டைன்னு சொன்னீகளே அண்ணாச்சி! இது ஊதா இல்லாம என்னது?" "யம்மா, இது நீலம்" என்றான், பீரங்கியை விட்டு ஓடி வந்த குற்றாலம். "அந்தக் கரையில நிக்காவ பாரு, அதுதான் ஊதா." குளத்தின் அக்கரையில் வேப்பமரத்தடியில் ஒரு ஆள் நின்றிருந்தான், பக்கத்தில் குடை பிடித்த ஒரு அம்மா. "அது கத்தரிப்பூக் கலருல்லா!" என்று அம்மா கிட்டத்தட்ட அழுதாள். "கத்தரிப்பூவக் கத்தரிப்பூன்னு சொல்ல வேண்டாமா? பேனாவுக்கு ஊத்துத ஊதா மைன்னா எந்த மையி? இந்த நீலக் கலரு மைதான?" முட்டிக்காரம்மாவுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும், "அதாம் எம்முட்டுக்கு இம்புட்டு அக்கறையா விசாரிச்சீகளா!" என்று வயிறு குலுங்கச் சிரித்து, போய்ட்டு வாங்க, நல்லபடியா அமையும் என்று அம்மாவின் கையைப் பிடித்து அனுப்பினாள். குளத்தைச் சுற்றிப் போகிற வழி நீளம். அம்மா ஓட்டமும் நடையுமாகப் போனாள், மங்கை பின்னால் போனாள். அவளுக்குக் கால் பாரமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். பயம் இருந்தது. பாட்டிலைக் குலுக்கினால் அடியில் கிடந்தது மேலே வருகிற மாதிரி வந்துகொண்டுதான் இருந்தது. அந்த நல்ல மனுஷனுக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் வலது பக்கம் வந்தார். இவர்கள் அப்படியா? பெண் எடுக்க வந்தவர்கள். வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ளவர்கள். வேண்டாம் என்று சொன்னால் அம்மா இடிந்துவிடுவாள். அப்படியானால் சிரித்துவிடலாமா? இங்கே மட்டும், இந்த ஒரு தடவை?

குடையம்மா குடையை மடக்கவில்லை. "நாங்க வந்து நேரமாச்சு" என்றாள் அம்மாவிடம். "நீங்க வேற இடம் பேசிக்கிட்டு இருந்தீக. பொண்ணையும் மாப்பிள்ளையையும் தனியா அனுப்புனதையும் பாத்தோம். ஒரே நாள்ல ரெண்டு இடமான்னு நெனைச்சுக்கிட்டோம்." அம்மா கத்தரிப்பூவையும் ஊதாவையும் போட்டுக் குழப்பி, சத்தியம் பண்ணி, கடைசியில் பாவமாக நின்றாள். மாப்பிள்ளை நல்ல உயரம். அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மங்கையின் இடது பக்கம் இருந்தான், குடையம்மாவும் அங்கேதான், அம்மா மட்டும் அவளுக்கு வலது பக்கம், பழக்கத்தில். வேப்பம்பழம் ஒன்று தண்ணீரில் விழுந்தது, வளையம் போவதைப் பார்த்தாள், சத்தம் கேட்கவில்லை. குடை அவள் பக்கம் திரும்பியது. குடையம்மா குரலைத் தாழ்த்தினாள், குடை நிழலில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என்னவோ கேட்கிறாள், நீளமான கேள்வி. மங்கையின் முகம் தானாகச் சிரித்தது. ஐயோ, அதை நிறுத்த முடியவில்லை, அது அவளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. குடையம்மா அம்மாவைப் பார்த்தாள். "கேட்டதுக்குப் பதிலக் காணும், சிரிக்கா?" அம்மா முந்திக்கொண்டாள். "அது ஒண்ணுமில்ல, அவ ஒரு யோசனைக்காரி..." "யோசனை ஒண்ணும் இல்ல" என்றாள் மங்கை. "எனக்கு இந்தக் காது கேக்காது. நீங்க கேட்டது எனக்குக் கேக்கல." மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். குடையம்மா மெதுவாகக் குடையை மடக்கினாள். மடக்கி, அதன் முனையைத் தரையில் ஊன்றி, அம்மாவிடம் கேட்டாள். இந்தத் தடவை மங்கை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. "பொண்ணு என்னமோ சொல்லுதே. நெசமா?"

மங்கை அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், இருபத்தேழு வருஷமாகத் தயாராக இருக்கிற பதில் ஒன்று உண்டு: சளி பிடிச்சிருக்கு, ரெண்டு நாளாக் காது அடைச்சுக்கிடக்கு. அது வாத்தியாரிடம் சொன்னது, சொந்தக்காரர்களிடம் சொன்னது, ஊசி போடுகிற நர்சிடம் கூடச் சொன்னது. அதைச் சொல்லிவிட்டால் இன்றைக்குத் தப்பிவிடலாம், குடையம்மாவும் நம்பிவிடுவாள், நம்பத் தயாராகத்தான் நிற்கிறாள். சொல்லும்மா, சொல்லிக்கோ என்று மங்கைக்கே தோன்றியது. வியர்த்துப்போய், முந்தானை சரிந்து, கத்தரிப்பூவில் தோற்றுப்போய் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்ததும், தன்னிடம் இருந்த பிடிவாதமெல்லாம் இளகிவிட்டது. அம்மா முந்தானையை இழுத்துவிட்டாள். மகளைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தாள். பிறகு குடையம்மாவிடம் திரும்பி, குளத்து மண்டபம் வரைக்கும் போகிற குரலில் சொன்னாள். "நெசந்தான். எடது காதுங்க. ஏழு வயசுல போச்சு. நாந்தான் யார்ட்டயும் சொல்லாதன்னு வச்சிருந்தேன்." அம்மா வலது பக்கம்தான் நின்றிருந்தாள். மங்கைக்கு எல்லாம் கேட்டது.